வழியில் காணாமல் போன மூணு வோல்ட்

எங்களிடம் ஒரு அம்பாசிடர் இருக்கிறது. 1984 மாடல், மார்க் 4, பெட்ரோல் வண்டி. மாமனார் கொடுத்தது. உடனே 'சீரா?' என்று கேட்காதீர்கள். அவர் வீட்டு வாசலில் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது, எங்கள் வீட்டு வாசலில் இடம் காலியாக இருந்தது. அவ்வளவுதான் விஷயம். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் 2014-ல் அம்பாசிடர் தயாரிப்பை நிறுத்தினார்கள். அதுவரை இதை 'டப்பா' என்று சொன்னவர்கள் எல்லாம் அதற்குப் பிறகு 'கிளாசிக்' என்கிறார்கள். நின்றுபோனால்தான் மரியாதை.

நாங்கள் இருப்பது பெரிய முதலியார்சாவடியில், ஈ.சி.ஆரிலிருந்து கடலைப் பார்க்கப் போகும் ஒரு சந்தில். சென்னையிலிருந்து ரூம் போட்டுக் காசு கொடுத்து வாங்குகிறார்களே, அந்தக் கடல் காற்று எங்களுக்கு இலவசம். உப்பும் கூடவே இலவசம். ஜன்னல் கம்பி, கேட் கீல், பீரோ பூட்டு எல்லாம் துரு. சாவடி என்றால் வழிப்போக்கர்கள் ராத்திரி தங்கிவிட்டுக் காலையில் கிளம்புகிற இடம். என் வண்டி தங்கும். கிளம்புவதில்தான் தகராறு.

சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் 'கொர்ர்...' என்று ஆரம்பித்து, 'டக்' என்று மனசை மாற்றிக்கொள்ளும். ஹாரன் அடித்தால் ஹெட்லைட் மங்கும். வைப்பரைப் போட்டால் ஹாரன் ஆட்டுக்குட்டி மாதிரி கத்தும். ஒரு வேலை செய்தால் இன்னொரு வேலை செய்யாது. சில ஆபீஸ்களில் பார்த்திருப்பீர்கள்.

எலெக்ட்ரீஷியன் ஒருவர் வந்தார். பேட்டரி போச்சு என்றார். மாற்றினேன், ஐயாயிரத்துச் சொச்சம். பத்து நாள் தேவலை, பிறகு பழையபடி. ஆல்டர்னேட்டர் வீக் என்றார். அதற்கும் அழுதேன். மூன்றாவது தடவை, "சார், பழைய வண்டின்னா இப்படித்தான்" என்றார். இதற்கு மட்டும் காசு வாங்கவில்லை.

பிப்ரவரி மாதம், விடிகாலை நாலரை மணி. சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மரக்காணம் தாண்டினால் ரோட்டோரம் உப்பளங்கள்தான். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும் என்று அங்கே ஆட்கள் இருட்டிலேயே பாத்திக்குப் போவார்கள். எனக்கு இது தெரியும். தெரிந்து என்ன? திடீரென்று பானெட்டுக்கு முன்னால் ஒரு சைக்கிள்! பிரேக்கில் ஏறி நின்றேன். ஒரு முழம் இடைவெளியில் வண்டி நின்றது. சைக்கிள் சாய்ந்தது, பெரியவர் குதித்துத் தப்பினார். எனக்குக் கால் நடுங்கி, இறங்கவே அரை நிமிஷம் ஆயிற்று.

"இன்னா தம்பி, லைட்ட போட்டுக்கினு வரக்கூடாதா?"

"போட்டுத்தான் இருக்கேன் பெரியவரே..."

அவர் குனிந்து ஹெட்லைட்டைப் பார்த்தார். "இதுவா? எவனோ பீடி குடிக்கிறான்னு நெனச்சேன்."

எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். "அப்ப உப்புக் காத்து வேலைதான். எங்க பம்பு மோட்டார் ஒயரும் இப்படித்தான். மேலாக்க பார்த்தா பளபளன்னு இருக்கும். கழட்டிப் பாரு, உள்ள பச்சப்பச்சேன்னு இருக்கும்." சைக்கிளை நிமிர்த்தி, செயினை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நான் விடிகிற வரை அங்கேயே ஓரங்கட்டி நின்றேன்.

நான் படித்தது பி.காம். எனக்குக் கரன்ட் தெரியாது, கணக்குத் தெரியும். அரசாங்கம் செலவழிக்கிற ஒரு ரூபாயில் 15 பைசாதான் ஏழைக்குப் போய்ச் சேருகிறது என்று 1985-ல் ராஜீவ் காந்தி சொன்னாரே, அதே கேஸ்தான் இது. பேட்டரி 12 வோல்ட் அனுப்புகிறது. பல்புக்கு எவ்வளவு வந்து சேருகிறது, நடுவில் யார் யார் கமிஷன் அடிக்கிறார்கள்? ஒரு மல்ட்டிமீட்டர் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஆடிட்டில் உட்கார்ந்தேன்.

முதலில் ஏமாந்தேன். பல்பைக் கழற்றிவிட்டு ஒயரில் மீட்டரை வைத்தால் சுத்தமாக 12 காட்டியது. எலெக்ட்ரீஷியனும் இப்படித்தான் பார்த்திருக்க வேண்டும். விஷயம் என்னவென்றால், கரன்ட் ஓடாதபோது எவ்வளவு மோசமான ஜாயின்ட்டும் முழு வோல்டேஜைக் காட்டும். பணம் கைமாறாதவரை எல்லா கேஷியரும் யோக்கியர்தானே! பல்பை மாட்டி, லைட்டை எரியவிட்டுத்தான் அளக்க வேண்டும்.

எரியவிட்டேன். பேட்டரியில் 12.3. பல்பின் இரண்டு முனைக்கும் நடுவில் 9.2. மூணு வோல்ட் சொச்சம் அபேஸ். வோல்டேஜ் கால்வாசி குறைந்தால் வெளிச்சமும் கால்வாசிதான் குறையும் என்று நினைக்காதீர்கள். பாதிக்கு மேல் போய்விடும். பல்பு இழை அப்படிப்பட்ட ஜாதி.

மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பிளஸ்ஸில் வைத்துக்கொண்டு, இன்னொரு முனையை ஒயர் போகிற வழியெல்லாம் நகர்த்தினேன். ஸ்விட்ச் வரை 0.4. ஸ்விட்ச்சும் டிம்-பிரைட் ஸ்விட்ச்சும் சேர்ந்து 0.9. அங்கிருந்து பல்பு வரை 0.3. ஆக 1.6 தான் வருகிறது. மீதி 1.5 எங்கே?

காரில் கரன்ட் போவதற்கு ஒயர் உண்டு. திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் கிடையாது, வண்டியின் பாடிதான் வழி. அதைத்தான் எர்த் என்கிறார்கள். ஹெட்லைட்டின் எர்த் ஒயரைப் பாடியில் ஒரு ஸ்க்ரூ போட்டு முறுக்கியிருந்தது. பேட்டரி மைனஸில் ஒரு முனை, பல்பின் எர்த்தில் ஒரு முனை. 1.5! ட்ரையல் பேலன்ஸ் டாலி ஆகிவிட்டது. ஆபீஸில் கூட எனக்கு முதல் தடவையிலேயே டாலி ஆனதில்லை.

பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு அந்த ஸ்க்ரூவை எடுத்துப் பார்த்தேன். அடியில் பொரிப்பொரியாகத் துரு. செம்பு முனையில் பச்சைக் களிம்பு. இரும்பும் செம்பும் ஒட்டி இருக்கிற இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அதுவே ஒரு குட்டி பேட்டரி மாதிரி வேலை செய்து இரும்பைத் தின்னும். துருவில் கரன்ட் ஒழுங்காகப் பாயாது. உப்புக்கு ஒரு கெட்ட குணம், காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் வெயில் காலத்திலும் லீவு கிடையாது.

அடுத்தது செல்ஃப். பேட்டரியை மாட்டி, மனைவியை ஸ்டியரிங்கில் உட்காரவைத்து, "அடி" என்றேன். கொர்ர்... டக். மறுபடி. மறுபடி. அவள் சோக்கை இழுத்தவள், "ஐயோ, சுடுதுங்க!" என்று கையை உதறினாள்.

"சோக் எப்படிம்மா சுடும்? அது வெறும் கம்பி."

"வந்து தொட்டுப் பாருங்க."

தொட்டேன். வாபஸ் வாங்கிக்கொண்டேன். இன்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் பாடிக்கும் நடுவில் பின்னல் போட்ட ஒரு செம்புப் பட்டை உண்டு, எர்த் ஸ்ட்ராப். செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர், அதற்கு மேலும் இழுக்கும். அத்தனையும் திரும்புகிற பாதை இதுதான். அது உள்ளுக்குள்ளேயே இற்றுப்போயிருந்தது, கையில் எடுத்தால் முறுக்கு மாதிரி உதிர்ந்தது. மெயின் ரோடு அடைத்தால் லாரி சந்துக்குள் நுழையுமே, அது மாதிரி கரன்ட் சோக் கம்பி வழியாகத் திரும்பியிருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கம்பி பழுத்து, பக்கத்து ஒயரெல்லாம் உருகி, பானெட்டுக்குள் தீபாவளி. கண்டுபிடித்தது நான் இல்லை, அவள். இதை எழுத வேண்டும் என்பது வீட்டு உத்தரவு.

புது ஸ்ட்ராப் வாங்கிப் போட்டேன். பேட்டரி விலையோடு பார்த்தால் கொசுறு. எர்த் இடங்களை எல்லாம் உப்புத்தாளால் வெள்ளி மாதிரி தேய்த்தேன் (உப்பு செய்த காரியத்துக்கு உப்புத்தாள்!), முறுக்கினேன், மேலே வாசலின் பூசினேன். உள்ளே கறுத்துப்போன ஒயர்த் துண்டுகளை வெட்டிப் புதுசு போட்டேன். ஹெட்லைட்டுக்கு ஃபியூஸோடு ரிலே வைத்தேன். இனி பல்புக்கான கரன்ட் பேட்டரியிலிருந்து நேராக ரிலே வழியாகப் போகும், ஸ்விட்ச் உத்தரவு மட்டும் போடும். மேனேஜர் கையெழுத்துப் போடுவார், மூட்டை சுமப்பது வேறு ஆள். இந்த ஏற்பாடு ஆபீஸில் எப்படியோ, காரில் பிரமாதம். மறுபடி அளந்தேன். வழியில் தொலைந்தது மொத்தமே 0.4.

போன வாரம் மறுபடி விடிகாலையில் மரக்காணம் பக்கம் போனேன். எதிரே வந்த லாரிக்காரர் கோபமாக லைட்டை அடித்து அடித்துக் காட்டினார், டிம் பண்ணு என்று. பண்ணினேன். சந்தோஷமாகத்தான் பண்ணினேன். உப்பளம் வந்ததும் வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டு ஒவ்வொரு சைக்கிளாகப் பார்த்துக்கொண்டே போனேன். ரொம்ப தூரத்திலேயே தெரிந்தார்கள். அந்தப் பெரியவரைத்தான் காணோம்.