ஏலக்காய் ஏலமும் லேப்டாப்புக்குள் ஒரு சுவிட்சும்

போடிநாயக்கனூர் ஏலக்காய் சந்தையில் வாய்விட்டு விலை கேட்கும் காலம் 2007-லேயே முடியத் தொடங்கிவிட்டது. அந்த ஆண்டில் நறுமணப் பொருள் வாரியம் மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. மாதிரிக் காயைக் கையில் கொட்டி நிறமும் பருமனும் பார்த்தபடியே, எதிரில் இருக்கும் கணினியில் விலையைத் தட்ட வியாபாரிகள் பழகிக்கொண்டார்கள். கொரோனாக் காலத்தில் தமிழக - கேரள எல்லையில் போக்குவரத்து முடங்கியது. 2021-இல் ஏலம் கிளவுடுக்குப் போனது. போடி மையத்தில் இருப்பவரும் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் புற்றடியில் இருப்பவரும் ஒரே லாட்டுக்கு ஒரே நேரத்தில் போட்டி போட இப்போது வழி இருக்கிறது. 2019 ஆகஸ்டில் புற்றடியில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனதை நினைத்துப் பார்த்தால், இந்தக் கம்பி வழியே எவ்வளவு பணம் ஓடுகிறது என்பது விளங்கும். இப்படி ஒரு வலையமைப்பைக் கட்டவும் பழுது பார்க்கவும் தெரிந்த பிள்ளைகளைத் தேனி மாவட்டத்துக் கல்லூரிகள் உருவாக்குமா? பாடத்திட்டத்தைப் படித்தால் அந்த நம்பிக்கை வரவில்லை. கருவி வாங்கக் காசில்லை என்று இதுவரை சொல்லிவந்த காரணமும் இனி செல்லாது. வலையமைப்பு ஆய்வகம் முழுவதையும் ஒரு லேப்டாப்புக்குள்ளேயே, செலவில்லாமல், மென்பொருள் சுவிட்சுகளைக் கொண்டு அமைத்துவிடலாம்.

கிளவுட் என்பது எங்கோ ஒரு ஊரில் குளிரூட்டப்பட்ட கட்டடத்துக்குள் அடுக்கி வைத்திருக்கும் சர்வர்கள்தான். ஒரு பெரிய சர்வரைப் பல மெய்நிகர் கணினிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனிக் கணினி என்று நம்பவைக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நெட்வொர்க் கார்டு உண்டு, அது மென்பொருள். அந்தக் கார்டுகளை ஒன்றோடொன்று இணைக்கும் சுவிட்சும் பெரும்பாலும் மென்பொருள்தான். லினக்ஸில் 'பிரிட்ஜ்' என்ற பெயரில் இது பல காலமாக இருக்கிறது. 2009-இல் வந்த ஓப்பன் விசுவிட்ச் இன்னும் கெட்டிக்காரத்தனமானது. அதன் பின்னணியில் இருந்த நிசிரா என்ற சிறு நிறுவனத்தை 2012-இல் மெய்நிகர் கணினி மென்பொருள் விற்கும் விஎம்வேர் 126 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. இவ்வளவு விலைபோன நிறுவனத்தில் பிறந்த அந்த மென்பொருளை இன்றும் யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், நிரலைத் திறந்தும் பார்க்கலாம். சுவிட்சின் வேலை சின்னமனூர்ப் பக்கத்து வாய்க்காலில் மடை பார்ப்பவருடைய வேலைதான்: எந்த வரத்தை எந்த வயலுக்கு விடுவது, எதை அடைப்பது என்று தீர்மானிப்பது. மடை மாறினால் தண்ணீர் மாறும். இங்கே ஒரு எண் மாறினால் தரவு மாறும்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் கணினி வலையமைப்புக்கு ஆய்வகப் பயிற்சி உண்டு. கட்டளைகளை இயக்கிப் பார்ப்பது, சாக்கெட் நிரல் எழுதுவது, வயர்ஷார்க்கில் பொட்டலங்களைப் பார்ப்பது ஆகியவற்றோடு என்எஸ்2 என்ற சிமுலேட்டரில் நெரிசல் கட்டுப்பாட்டையும் பார்க்கச் சொல்கிறார்கள். அந்த என்எஸ்2-இன் கடைசிப் பதிப்பு வெளியானது 2011-இல். கிளவுட் பாடத்தின் ஆய்வகத்திலோ மெய்நிகர் கணினியை நிறுவும் பயிற்சி இருக்கிறது; ஒரு மெய்நிகர் கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கோப்பை அனுப்பும் பயிற்சியும் இருக்கிறது. ஆனால் பகிர்வுக் கோப்புறை ஒன்றைத் திறந்து, இரண்டுக்கும் நடுவே வலையமைப்பு என ஒன்று இருப்பதையே கவனிக்காமல் அந்தப் பயிற்சியை முடித்துவிடலாம். விடுபட்ட இடம் அதுதான். மெய்நிகர் கணினி பாடத்தில் வந்துவிட்டது, சுவிட்ச் இன்னும் வரவில்லை.

வந்தால் எப்படி இருக்கும்? லினக்ஸ் ஏற்றிய ஒரு லேப்டாப்பில், எழுத்துத் திரை மட்டும் உள்ள மூன்று மெய்நிகர் கணினிகளை ஓட்டலாம். ஒன்றுக்கு 512 எம்பி நினைவகம் போதும். ஒன்றுக்கு ஏல சர்வர் என்றும், மற்ற இரண்டுக்கும் போடி, புற்றடி என்றும் பெயர் வைத்துக்கொள்வோம். மூன்றின் கார்டுகளையும் ஓப்பன் விசுவிட்சில் செருகி, சர்வருக்கும் போடிக்கும் விலான் எண் (ஒரே சுவிட்சைத் தனித்தனி வலைகளாகப் பிரிக்கும் எண்) 10, புற்றடிக்கு 20 என்று கொடுக்க வேண்டும். போடியிலிருந்து சர்வருக்குப் பிங் போகும். புற்றடியிலிருந்து அனுப்பினால் 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்று திரையில் வரிசையாக விழும். ஐபி முகவரி சரி, கார்டு சரி, மென்பொருள் சரி, ஆனாலும் போகாது. புற்றடிக் கணினி 'இந்த முகவரி யாருடையது?' என்று கேட்கும் கேள்வி சர்வரின் காதுக்கே எட்டவில்லை என்பதை, சர்வர் பக்கம், வரும் பொட்டலங்களைக் காட்டும் டிசிபிடம்ப்பை ஓடவிட்டால் கண்ணால் பார்க்கலாம். 20-ஐ 10 ஆக்குங்கள், சற்று நேரத்தில் பதில் வரத் தொடங்கும். அடுத்து, லினக்ஸின் 'டிசி' கட்டளையால் புற்றடிக் கார்டில் மட்டும் 200 மில்லி நொடி தாமதத்தைப் புகுத்தலாம். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் விலை கேட்கும்படி சிறு நிரல் ஒன்றை எழுதி ஓட்டினால், தாமதம் யாருக்குச் சாதகம், அதைச் சமன்செய்ய மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்ற விவாதம் தானாகவே வகுப்பில் கிளம்பும். இன்று நடக்கும் ஏலத்தில் குறை இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. எந்த ஏலத்துக்கும் கடைசி நொடிக் கேட்புதான் உயிர். அதைச் சோதித்துப் பார்க்க ஏலம் நடக்கும் ஊரைவிட நல்ல இடம் எது?

உண்மையான சுவிட்சைத் தொட்டுப் பார்க்காதவன் என்ன நெட்வொர்க் என்ஜினீயர் என்று கேட்பார்கள். கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. ஆர்ஜே45 முனையைக் கிரிம்ப் செய்வதும், ஃபைபர் ஒட்டுவதும், எந்த போர்ட்டின் விளக்கு அணைந்திருக்கிறது என்று பார்ப்பதும் கையால்தான் வரும். அதற்குக் கல்லூரிக்கு ஒரு ரேக் போதும். அறுபது பேர் வகுப்பில் அந்த ஒரு ரேக்கைச் சுற்றி நின்று எட்டிப் பார்ப்பவன் எதையும் உடைத்துப் பார்க்க முடியாது, உடைத்துப் பார்க்காதவனுக்குச் சரிசெய்யவும் வராது. லேப்டாப்புக்குள் இருக்கும் சுவிட்சை ஒரு நாளில் இருபது முறை கெடுக்கலாம். ஸ்னாப்ஷாட்டை மீட்டால் பழையபடி நிற்கும்.

வேலை கொடுப்பவர்கள் சிஸ்கோ சான்றிதழ்தானே கேட்கிறார்கள் என்பது இரண்டாவது மறுப்பு. சிஸ்கோவே தன் பயிற்சியில் பாக்கெட் டிரேசர் என்ற மென்பொருளைக் கொண்டுதான் மாணவரைத் தொடக்கப் பாடத்துக்குள் அழைத்துப் போகிறது. ஆனால் அது சுவிட்சைப்போல நடித்துக் காட்டும் மென்பொருள். ஓப்பன் விசுவிட்ச் நடிப்பதில்லை. தரவு மையங்களில் ஓடும் அதே நிரல்தான் மாணவனின் லேப்டாப்பிலும் ஓடுகிறது. இன்னொன்றும் இருக்கிறது. 2023 நவம்பரில் விஎம்வேரை வாங்கிய பிராட்காம், ஒருமுறை காசு கட்டிக் காலத்துக்கும் வைத்துக்கொள்ளும் உரிமங்களின் விற்பனையை நிறுத்திச் சந்தா முறைக்குப் போனது. செலவு ஏறிய பல நிறுவனங்கள் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் கேவிஎம் போன்ற திறந்த மென்பொருள் பக்கம் பார்வையைத் திருப்பியிருக்கின்றன. அந்த வேலைக்கு ஆள் வேண்டும்.

மூன்றாவது மறுப்புத்தான் கனமானது: இதையெல்லாம் படித்துவிட்டுப் பிள்ளை தேனியிலா இருக்கப்போகிறான்? பெரும்பாலும் இருக்க மாட்டான். மதுரை இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் எல்காட் பூங்காக்கள் இருக்கின்றன. சென்னையும் கோவையும் பெங்களூரும் இழுக்கின்றன. போகட்டும். போகிறவன் கைத்தொழிலோடு போவது ஒன்று, சான்றிதழோடு மட்டும் போவது வேறொன்று. தங்கிவிடுகிறவனுக்கும் வேலை இல்லாமல் இல்லை. ஏல நிறுவனங்கள், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கூட்டுறவு வங்கிகள், ஊராட்சிகளுக்கு வரும் பாரத்நெட் இணைப்புகள் என எல்லாவற்றுக்கும் வலையமைப்பு தெரிந்த ஆள் தேவை. இன்று ஒரு கோளாறு வந்தால் வெளியூருக்குப் போன் போட்டுக் காத்திருக்கும் நிலை பல அலுவலகங்களில் உண்டு.

நடைமுறைச் சிக்கல்களை மறைக்க வேண்டியதில்லை. விடுதி வைஃபையில் மெய்நிகர் கணினியை நேரடியாக பிரிட்ஜ் செய்யப் பார்த்தால் பெரும்பாலும் வேலை செய்யாது. தன்னிடம் பதிவான மேக் முகவரியைத் தவிர வேறொன்றிலிருந்து வரும் பொட்டலத்தை வைஃபை ஆக்சஸ் பாயிண்ட் ஏற்காது என்பதுதான் காரணம். மாணவன் முதல் நாளே முட்டிக்கொள்ளும் இடம் இது, சொல்லிக்கொடுக்க ஆசிரியர் வேண்டும். கிளவுட் பாடம் எடுக்கும் ஆசிரியர்களில் எத்தனை பேர் ஒரு பிரிட்ஜைத் தங்கள் கையால் கட்டியிருக்கிறார்கள் என்பது சங்கடமான கேள்வி. பழி அவர்கள்மேல் இல்லை. அவர்களுக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. லேப்டாப்புக்குக் குறைவில்லை. கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கணினி என்று 2025-26 நிதிநிலை அறிக்கையிலேயே தமிழக அரசு அறிவித்துவிட்டது.

ஆகவே கேட்பது பெரிதல்ல. போடியில் 2012-இல் தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரியிலிருந்து ஆரம்பிக்கலாம். மாவட்டத்தின் பொறியியல், பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்கு விடுமுறையில் ஒரு வாரப் பயிற்சியை 'நான் முதல்வன்' திட்டத்தின் கீழ் நடத்த வேண்டும். வலையமைப்பு ஆய்வகத்தில் என்எஸ்2-ஐ எடுத்துவிட்டு, மூன்று மெய்நிகர் கணினிகளும் ஒரு மென்பொருள் சுவிட்சும் கொண்ட பயிற்சியைப் பல்கலைக்கழகம் கட்டாயமாக்க வேண்டும். நறுமணப் பொருள் வாரியம் ஆண்டுக்கு ஒரு முறையாவது இந்த மாணவர்களை ஏல மையத்துக்குள் அழைத்து, திரைக்குப் பின்னால் என்ன ஓடுகிறது என்று காட்ட வேண்டும்.