மாட்டுக்கு எந்த வேலி: முள்ளா, கரண்டா?

மாடு வைத்திருக்கும் தோழர்கள் கொஞ்ச நாளாக ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். பட்டியைச் சுற்றி முட்கம்பி அடிப்பதா, கரண்ட் வேலி போடுவதா? எல்லாரும் ஒரே காரணத்துக்காகக் கேட்கவில்லை. ஒருவருடைய மாடு அவிழ்த்துக்கொண்டு போய், புதுக்கன்று நடுவதற்காகக் குவாட்டமாலா புல் போட்டிருக்கும் மலையில் மேய்ந்துவிட்டது. வாச்சர் பிடித்துக் கட்டிவிட்டு ஆபீசுக்கு வரச் சொல்கிறார். இன்னொருவருக்கு இரவில் சிறுத்தை வந்துவிடுமோ என்ற பயம். மூன்றாமவருக்குப் பன்றித் தொல்லை. மாட்டுக்கு நட்ட புல்லையும் பக்கத்து மரக்கறிப் பாத்தியையும் ஒரே இரவில் உழுது போட்டுவிட்டுப் போய்விடுகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முறையாகப் போட்ட கரண்ட் வேலி முட்கம்பியை விட நல்லது. மாட்டுக்கும் நல்லது, மனுசருக்கும் நல்லது. ஆனால் நம் லயங்களில் சிலர் கரண்ட் வேலி என்று சொல்லிக்கொண்டு செய்வது வேறு. வீட்டு லைனிலிருந்து ஒரு வயரை இழுத்து, இருக்கிற கம்பியில் கொளுவி விடுகிறார்கள். அது ஆளைக் கொல்லும் பொறி.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் சொல்வது போலவே சொல்கிறேன். நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். அது நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். ஈரத் தரையில் நின்று அந்தக் கம்பியைப் பிடித்தால் கைச்சதை இறுகிப் பிடித்துக்கொள்ளும், விடவேண்டும் என்று நினைத்தாலும் விட முடியாது. இதயம் நிற்கும் வரைக்கும் ஓடும். வேலிக்கென்றே செய்த மெஷின் அப்படி வேலை செய்வதில்லை. அது சில ஆயிரம் வோல்ட் அனுப்பும். எண்ணைக் கேட்டால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் ஏறக்குறைய ஒரு செக்கனுக்கு ஒரு தடவைதான் அனுப்பும். அந்த ஒரு தடவையும் செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட நீடிக்காது. அனுப்பும் சக்தியின் அளவுக்கும் எல்லை உண்டு. சுள்ளென்று அடிக்கும், உடனே விட்டுவிடும். கையை எடுக்க நேரம் இருக்கிறது. மாடும் ஒரு தடவை மூக்கை வைத்துப் பார்த்துவிட்டால் பிறகு அந்தக் கம்பிப் பக்கம் போகாது. ஆகவே வோல்ட் எத்தனை என்று கேட்பதை விட, எவ்வளவு நேரம் ஓடுகிறது, எவ்வளவு சக்தியோடு வருகிறது என்று கேட்கவேண்டும்.

'வீட்டில்தான் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே சேர்' என்று ஒரு தோழர் சொன்னார். யோசித்துப் பாருங்கள். ட்ரிப் சுவிட்ச் ஒழுங்காக வேலை செய்தால், மழை பெய்து புல்லும் கட்டையும் நனைந்து கரண்ட் மண்ணுக்குள் கசிந்தவுடனே அது விழுந்துவிடும், வீடு இருட்டாகிவிடும். நம் மலையில் நனையாத வேலி எங்கே இருக்கிறது? அதனால் வேலிக்குக் கரண்ட் எடுப்பவர் ட்ரிப்பைத் தாண்டித்தான் எடுக்கிறார், அல்லது வேலை செய்யாத ட்ரிப்பை வைத்துக்கொண்டு எடுக்கிறார். உயிரைக் காப்பாற்ற வைத்திருக்கும் ஒரே பொருளை முதலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் இந்த வேலையே தொடங்குகிறது.

இதில் யார் போய் மாட்டுவார்கள்? பன்றி மட்டுமா? விடியற்காலை மூடுபனியில் பீலிக்குத் தண்ணீருக்குப் போகும் அக்கா. மலைக்குக் குறுக்குப் பாதையில் இறங்கும் கொழுந்து பறிக்கிறவர். பந்து தேடிப் போகும் பிள்ளை. வேலி போட்டவரின் சொந்த மாடு. கம்பியில் கரண்ட் ஓடுவது பார்த்தால் தெரியாது. போட்டவருக்கு மட்டும்தான் தெரியும், அவரும் ஒருநாள் மறந்துபோவார்.

இப்படி வேலி போட்டு ஒருவர் செத்தால், போட்டவர் நம் அங்கத்தவர் என்பதற்காகச் சங்கம் வக்கீல் பிடித்துக் கொடுக்க ஓடக்கூடாது என்பது என் அபிப்பிராயம். சில தலைவர்மாருக்கு இது பிடிக்காது, தெரியும். செத்துப்போகிற தோழியும் மாதா மாதம் சந்தா கட்டியவர்தானே.

சரி, அப்படியென்றால் முட்கம்பி அடித்துவிட்டுப் போகலாமே என்பார்கள். மலிவு, கடையில் கிடைக்கும், யாரும் சாகமாட்டார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் முட்கம்பி யாருக்காகச் செய்தது என்று பாருங்கள். 1870களில் அமெரிக்காவில், கண்ணுக்கெட்டிய தூரம் சமதரையாகக் கிடந்த மேய்ச்சல் நிலத்துக்குச் செய்தது. நமக்கிருப்பது சரிவு. நாய் துரத்தினாலும் இடி இடித்தாலும் மாடு கீழ்ப்பக்கமாகத்தான் ஓடும், சறுக்கிக்கொண்டு போய்க் கம்பியில்தான் நிற்கும். அங்கே கிழிவது பெரும்பாலும் மடியும் காம்பும். காம்பு கிழிந்தால் கறக்க விடாது, பால் தேங்கும், மடி வீங்கும், அந்தக் காம்பு நிரந்தரமாகக் கெட்டுப்போகவும் கூடும். நம் வீடுகளில் நிற்பது பிரீசியன், ஜேர்சி கலப்பு. மடி பெரிது, தோல் மெல்லியது. ஒரு காம்பு போனால் பால் நிலையத்தில் கொப்பியில் எழுதும் கணக்கில் தெரியும், கடைக் கடனில் தெரியும், பிள்ளையின் டியூசன் காசில் தெரியும்.

பிள்ளைகள் கைகாலும் கிழித்துக்கொண்டு வருகிறார்கள். துருக்கம்பி கீறினால் சாம்பலைத் தடவிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். டிஸ்பென்சரிக்கோ ஆஸ்பத்திரிக்கோ போய் ஏற்பு ஊசி போடவேண்டுமா என்று கேளுங்கள்.

முட்கம்பியால் மாடு நிற்க வேண்டுமென்றால் நாலு வரியாவது இழுக்கவேண்டும், கட்டைகளை நெருக்கமாக நடவேண்டும். மழை மலையில் கட்டை சீக்கிரம் உக்கிவிடும். புதுக் கட்டைக்கு எங்கே போவது? தோட்டத்து மரத்தில் கைவைத்தால் அது இன்னொரு வழக்கு. பன்றியோ கீழ்வரிக்கு அடியில் மண்ணைத் தோண்டிக்கொண்டு வரும். அது வரும் ஓட்டையைப் பார்த்தவுடன் ஒருவருக்குக் கேபிள் சுருக்கு வைக்கத் தோன்றும். அந்தச் சுருக்கில் பன்றி மட்டும் விழுவதில்லை. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் லக்சபான தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்கில் மாட்டியது, உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் செத்தது. நாடு முழுக்கச் செய்தி வந்தது. கடைசியில் கெட்ட பெயர் வந்தது தோட்டத்து ஆட்களுக்கு. அங்கே மரக்கறிப் பாத்தியைப் பன்றி தின்ற நஷ்டத்தை எந்தப் பேப்பரும் எழுதியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

சிறுத்தைக்காக வேலி கேட்கும் தோழர்களுக்கு: வேலி உங்களுக்கு வேண்டாம். முட்கம்பியை அது தாண்டும், மரத்தில் ஏறி உள்ளே குதிக்கும். இரவில் கன்றைக் கூரையும் கதவும் உள்ள பட்டிக்குள் அடையுங்கள். பக்கச்சுவரில் கன்றின் தலை போகும் ஓட்டை கூட விடவேண்டாம். நாயையும் உள்ளே கட்டுங்கள், ஏனென்றால் லயத்துப் பக்கம் சிறுத்தை பெரும்பாலும் நாயைத் தேடித்தான் வருகிறது.

இனி முறையான கரண்ட் வேலி. 1930களில் நியூசிலாந்து விவசாயிகள் இதைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். நாம் தேத்தண்ணியில் போடும் பால்மாவில் பெரும்பகுதி எங்கேயிருந்து வருகிறது என்று பக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், அதே நாடுதான். அங்கே மாட்டுக்கு முள் குத்தி நிறுத்துவதில்லை, இரண்டு மெல்லிய கம்பி நிறுத்துகிறது. அங்கே மழைக்கும் புல்லுக்கும் குறைவில்லை, ஆகவே இங்கே சரிவராது என்று சொல்லமுடியாது.

ஆனால் சில விஷயங்களில் ஏமாறக்கூடாது. மெஷின், வேலிக்கென்று செய்து விற்பதாக இருக்கவேண்டும். ரேடியோ பாஸ் வீட்டில் செய்து தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். கம்பி வழுவழுப்பான கம்பியாக இருக்கவேண்டும். முட்கம்பியில் இந்த மெஷினைக் கூடக் கொளுவக்கூடாது: முள்ளில் சட்டை மாட்டிக்கொண்டால் அடி விழுந்துகொண்டே இருக்கும், விலக முடியாது. ஏர்த் கம்பியை வீட்டு ஏர்த்திலிருந்து தள்ளி, ஈரமான இடத்தில் ஆழமாக இறக்கவேண்டும். வேலி சரியாக வேலை செய்யாவிட்டால் பத்தில் எட்டு தடவை குறை ஏர்த்தில்தான் இருக்கும் என்று இதைப் போட்டுப் பழகியவர்கள் சொல்கிறார்கள். கட்டையில் கம்பி படாமல் இன்சுலேட்டர் வேண்டும். கம்பியைத் தொடும் புல்லை வாரத்துக்கு வாரம் வெட்டவேண்டும், இல்லாவிட்டால் எல்லாக் கரண்டும் புல் வழியாக மண்ணுக்குப் போய்விடும். பாதை ஓரத்தில் மஞ்சள் பலகை, மூன்று மொழியிலும். சோலார் வாங்கினால், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் தென்மேல் பருவத்தில் நாள் கணக்கில் வெயில் இருக்காது என்பதை நினைத்து, பெரிய பெட்டரியாகப் பார்க்கவேண்டும். பதுளைப் பக்கம் அந்தக் கஷ்டம் அப்போது குறைவு.

இதையெல்லாம் ஒரு மாடு வைத்திருக்கும் குடும்பம் தனியாகச் செய்ய முடியுமா? முடியாது. செய்தாலும் பயனில்லை. வேலி போட முதலில் காணி வேண்டும். லயத்துக் காம்பராவில் இருப்பவருக்கு வாசல்படிக்கு வெளியே ஒரு கட்டை நடவும் துரையைக் கேட்கவேண்டும். புது வீடு கிடைத்தவர்களில் பலருக்கு 7 பேர்ச், அதாவது 1,900 சதுர அடி சொச்சம். அதில் வீடு, கக்கூஸ், பட்டி போக எங்கே மேய்ப்பது? 400 கிலோ மாடு ஒரு நாளைக்கு 40 கிலோ பச்சைப்புல் தின்னும். அது 7 பேர்ச்சில் வளராது. அதனால்தான் மாடு பட்டியிலேயே நிற்கிறது, புல் தலையில் வருகிறது.

யாருடைய தலையில்? காலையில் பெரட்டுக்குப் போய், மாலை கொழுந்து நிறுத்துவிட்டு, அதற்குப் பிறகு கானோரத்திலும் ஆற்றோரத்திலும் புல் அறுப்பவர் யார் என்று எல்லாருக்கும் தெரியும். குளவி கொட்டுவதும் அட்டை கடிப்பதும் அந்த நேரத்தில்தான். வேலியைப் பற்றிப் பேசும் கூட்டத்தில் ஆண்கள்தான் பேசினார்கள், முள்ளா கரண்டா என்று. மாடு தானே நடந்து போய் மேய ஓர் இடம் இருந்தால் அந்தப் புல்லுக்கட்டில் பாதி குறையும். வேலியால் வரும் பெரிய லாபம் அதுதான்.

ஆகவே இதைச் சங்க வேலையாக எடுக்கவேண்டும் என்கிறேன். ஒவ்வொரு டிவிசனிலும் தேயிலை போட்டுப் பயனில்லை என்று கைவிட்ட மலை கொஞ்சமாவது கிடக்கிறது. 1992இல் கம்பெனிகள் வந்த நாளிலிருந்து காடாகக் கிடக்கும் துண்டுகளும் உண்டு. அப்படி ஒரு துண்டை மாடு வைத்திருப்போருக்குப் பொது மேய்ச்சலாக எழுத்தில் கேட்கவேண்டும். வாய்ப்பேச்சில் வாங்கினால் துரை மாறியதும் போய்விடும். மெஷின் ஒன்று, எல்லார் காசிலும். தோட்டத் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம் இருக்கும் இடங்களில் அதன் மூலம் வாங்கலாமா என்று பார்க்கலாம். புல் வெட்டுவது முறை போட்டு. மேய்ச்சலை இரண்டு மூன்றாகப் பிரித்து மாற்றி மாற்றி விட்டால் புல்லும் எழும்பும். அந்தப் பிரிப்புக்கு ஒரு வரி கரண்ட் கம்பி போதும், முட்கம்பியால் அது நடக்காத காரியம். நிர்வாகத்துக்கும் இதில் லாபம் உண்டு, புதுக்கன்று மலைக்குள் மாடு வராது. அதைச் சொல்லியே கேட்கலாம்.

நிர்வாகம் உடனே தராது. அதுவரைக்கும் பட்டிக்குச் சீமைக்கிளுவையும் முள்முருங்கையும் நெருக்கமாக நட்டு உயிர்வேலி போடுங்கள். இரண்டின் தழையையும் மாடு தின்னும். முட்கம்பி ஏற்கனவே அடித்திருப்பவர்கள் மாடு படுக்கும் பக்கத்திலும் கீழ்ச்சரிவிலும் உள்ள வரிகளைக் கழற்றிவிட்டு மூங்கில் கட்டுங்கள். வீட்டு லைனைக் கம்பியில் கொளுவியிருப்பவர்கள் இந்தப் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, மெயின் சுவிட்சை அணைத்து, அந்த வயரைக் கழற்றுங்கள். அடுத்த கிளைக் கூட்டத்துக்கு ஒவ்வொரு டிவிசன் தலைவரும் தலைவியும் மூன்று விஷயங்களை எழுதிக்கொண்டு வாருங்கள்: எத்தனை வீட்டில் மாடு, எத்தனை மாடு, எந்த மலை சும்மா கிடக்கிறது. அந்தக் கணக்கு கையில் இருந்தால் துரையிடம் போக நான் தயார்.