இணைப்பு அறுந்தது எங்கே?

நம் ஊர்களில் இன்று பல வீடுகளின் கூடத்துச் சுவரிலே ஒரு சிறு பெட்டி விளக்குகள் மினுக்கிக் கொண்டிருக்கிறது. பாடநூல்கள் அதனைத் திசைவி என்கின்றன. ஊரார் ரவுட்டர் என்பர். ஜித்தாவிலும் துபாயிலும் பிழைக்கச் சென்ற தந்தை தம் பிள்ளையின் முகத்தைக் காண்பது அதன் வழியாகத்தான். கல்லூரி விண்ணப்பமும், தேர்வுக் கட்டணமும், தேர்வு முடிவும் அதன் வழியாகவே வருகின்றன. 2020, 2021ஆம் ஆண்டுகளில் பெருந்தொற்றினால் கல்லூரிக் கதவுகள் மூடப்பட்டபோது, வகுப்பறையே அப்பெட்டிக்குள் புகுந்து கொண்டதை யாவரும் அறிவோம்.

அது நின்றுவிட்டால் என்ன செய்கிறோம்? நிறுவனத்து ஆளை அழைக்கிறோம். அவர் "நாளை வருகிறேன்" என்பார். அந்த நாளை மூன்று நாள் கழித்து வரும். வந்தவர் ஐந்து நிமிடத்தில் எதையோ செய்துவிட்டுப் போவார். அவர் செய்தது என்னவென்று வீட்டில் ஒருவரும் கேட்பதில்லை. இந்தக் கேளாமையே பழுதினும் பெரிய பழுது என்பது என் கருத்து.

இணைப்பு என்று நாம் ஒருமையில் சொல்வது உண்மையில் ஒரு சங்கிலி. மடிக்கணினியிலிருந்து பெட்டி வரை வானொலி அலை. பெட்டியிலிருந்து நிறுவனம் வரை பெரும்பாலும் கண்ணாடி இழை. அதற்கப்பால் உலகம். இவற்றுள் எக்கண்ணி அறுந்தாலும் நாம் சொல்வது "நெட் இல்லை" என்ற ஒரே சொல்தான். எல்லாக் காய்ச்சலுக்கும் ஒரே சூரணம் கொடுக்கும் வைத்தியரை யார் நம்புவார்?

கண்ணிகளைப் பிரித்துப் பார்க்கும் முறை நமக்குப் புதிதன்று. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெய்ரோவில் வாழ்ந்த அறிஞர் இப்னுல் ஹைதம், 'கிதாபுல் மனாளிர்' என்னும் ஒளியியல் நூலில் ஒரு சோதனையை விவரிக்கிறார். பல விளக்குகளைத் தனித்தனி இடங்களில் வைத்து, ஒரு சிறு துளை வழியே அவற்றின் ஒளியை இருண்ட அறைக்குள் விழச் செய்தார். சுவரில் பல ஒளிப்புள்ளிகள் தோன்றின. ஒரு விளக்கை மறைத்தார். அதற்குரிய புள்ளி மட்டும் மறைந்தது. மறைப்பை நீக்கினார், அப்புள்ளி மீண்டது. ஒன்றை மட்டும் மாற்று, மற்றவற்றை அப்படியே விடு, விளைவைப் பார். பழுது காண்பதற்கு இதனினும் சிறந்த இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

அவ்விலக்கணத்தை வீட்டுக் கூடத்தில் பொருத்திப் பார்ப்போம். மடிக்கணினியில் இணையம் வரவில்லை. உடனே அதன் உள்ளமைப்புகளைக் கலைக்க வேண்டா. கைப்பேசியை எடுத்து, அதன் சிம் வழி இணையத்தை அணைத்துவிட்டு, அதே வைஃபையில் சேர்த்துப் பாருங்கள். (அணைக்க மறந்தால் கைப்பேசி தன் சொந்த வழியில் ஓடி நம்மை ஏமாற்றிவிடும்.) கைப்பேசியிலும் வரவில்லையானால் மடிக்கணினி குற்றமற்றது. பெட்டியில் எல்.ஓ.எஸ். என்று குறித்த விளக்கு சிவப்பாக எரிந்தால் இழை வழியே ஒளி வந்து சேரவில்லை. அப்போதுதான் நிறுவனத்தாரை அழைப்பது முறை.

கைப்பேசியில் வந்து கணினியில் வராவிடில் பழுது கணினியின் பக்கம். விமானப் பயன்முறை விசை கைதவறி அழுத்தப்பட்டிருக்கலாம். கடவுச்சொல் மாறியிருக்கலாம், பழைய இணைப்பை மறக்கச் செய்து மீண்டும் சேர வேண்டும். கணினியின் தேதி தவறியிருந்தால்கூடப் பாதுகாப்பான தளங்கள் திறக்க மறுக்கும். கணினியின் ஐ.பி. முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் முகவரி எதுவும் வழங்காததால் கணினி தானே ஒன்றைச் சூட்டிக் கொண்டது என்று பொருள். அந்நிலையில் பெட்டியை அணைத்து, அரை நிமிடம் பொறுத்து, மீண்டும் இயக்குவது பெரும்பாலும் பயன் தரும். ஊசித் துளைக்குள் இருக்கும் பொத்தானை மட்டும் தொடாதீர்கள். அது நிறுவனத்தார் பதிந்த அமைப்புகளையும் சேர்த்து அழித்துவிடும்.

இனி அலைகளின் செய்தி. வைஃபைக்கான முதல் தரவரையறை 1997இல் வந்தது. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை 2005இல் உரிமமின்றிப் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டது. உரிமம் வேண்டா என்றதனால் அண்டை வீட்டு ரவுட்டரும், புளூடூத்தும், மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேயே நெரிசலாகக் கூடுகின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமுடையது. ஆனால் சுவரைக் கண்டால் விரைவில் சோர்ந்துவிடும். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களின் நீண்ட பழைய வீடுகளில், வாசலோரம் வைத்த பெட்டியின் அலை பின்கட்டை அடையாததில் வியப்பில்லை. இரும்பு அலமாரிக்குப் பின்னால் பெட்டியை ஒளித்து வைத்துவிட்டு நிறுவனத்தாரை ஏசுவோரும் உளர்! அதை வீட்டின் நடுவே உயரமான இடத்திற்கு மாற்றுவதற்குச் சற்று நீளமான கம்பி போதும்.

"இது பொறியாளர் வேலை, தமிழ்த்துறைக்கு இதில் என்ன?" என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். இது மொழியின் வேலையும்தான். 'இணைக்கப்பட்டது, இணையம் இல்லை' என்று திரை ஆங்கிலத்தில் சொல்கிறது. பெட்டி வரை வழி நலம், அதற்கப்பால்தான் அறுபட்டது என்பதே அதன் பொருள். இவ்வரியைப் படித்து உணர்ந்தவருக்குப் பாதிப் பழுது பிடிபட்டுவிட்டது. படிக்கத் தெரிந்த மகள் வீட்டில் இருக்கிறாள்; அவளிடம் அப்பெட்டியை யாரும் காட்டுவதில்லை. பகலில் வீட்டிலிருப்போர் தாய்மாரும் பெண்மக்களுமே என்றிருக்க, அயல் ஆண் ஒருவர் வரும்வரை அவர்களைக் காத்திருக்க வைப்பது எவ்வகையில் நியாயம்? பெட்டியின் உள்ளமைப்புப் பக்கத்தைத் திறக்கும் கடவுச்சொல்கூடப் பல வீடுகளில், விற்கும்போது இருந்த அதே 'அட்மின்'தான். வீட்டுக் கதவின் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு நாம் உறங்குவதுண்டா?

ஆகவே தமிழ்த்துறை மாணாக்கர்க்கு ஒரு வேண்டுகோள். இம்முறையை நல்ல தமிழில் ஒரே தாளில் எழுதி, ஒவ்வொரு வீட்டிலும் அப்பெட்டியின் பக்கத்தில் ஒட்டச் செய்யுங்கள். மூல மொழியின் விறைப்பான பெயர்ப்பாக இல்லாமல், பாட்டிமாருக்கும் புரியும் சொற்களில் அமையட்டும். வைஃபை, ரவுட்டர் என்பன வழங்கும் சொற்களாகவே இருந்தாலும் குற்றமில்லை. நிறுவனத்தின் தொலைபேசி எண்ணை அத்தாளின் கடைசி வரியில் எழுதுங்கள்.