இரண்டு கைக்கடிகாரம், ஒரு நிமிஷம்

எதிர்வீட்டுப் பெண்ணுக்குப் போன மாதம் சீட்டு விழுந்தது. அவள் குழந்தைக்கு ஒன்றரை வயது. விட்டு விட்டுச் சளி. "மூச்சை ஒரு நிமிஷம் எண்ணிப் பார்த்துக்கொள்" என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவளுடைய கல்யாண வாட்ச் நகை மாதிரி அழகாக இருக்கும். ஆனால் வினாடி முள்ளே கிடையாது!

"அக்கா, சாவி கொடுக்கிற வாட்ச் வாங்கட்டுமா, ஆட்டோமேடிக் வாங்கட்டுமா? விலையில இத்தனை வித்தியாசம் இருக்கே!" என்று வந்து நின்றாள்.

எங்கள் வீட்டில் இரண்டும் உண்டு. ஒன்று, மாமனார் கட்டிய எச்.எம்.டி. ஜனதா. மற்றது, தம்பி 2004-ல் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த சீக்கோ 5. "இந்த விலைக்கு நாலு ஜனதா வாங்கியிருக்கலாமே" என்று மாமனார் அன்றைக்கே முணுமுணுத்தார்.

இரண்டையும் ஒரு வாரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஜனதா நாளைக்கு அரை நிமிஷம் பின்தங்கியது. சீக்கோ கால் நிமிஷம் முந்தியது. அப்படியானால் விலை கூடியதுதான் உசத்தி என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். ஒரு நாளைக்கு 1,440 நிமிஷம். அதில் அரை நிமிஷம் தவறினால், ஒரு நிமிஷத்துக்கு வினாடியில் ஐம்பதில் ஒரு பங்குதான் பிசகும். குழந்தையின் மூச்சை எண்ணுவதற்கு இரண்டும் ஒன்றே!

கல் கணக்கைக் கேட்டும் மயங்க வேண்டாம். ஜனதாவில் 17 கல், சீக்கோவில் 21. எல்லாம் செயற்கைக் கெம்புதான், விற்றால் காசு வராது. சக்கரங்களின் அச்சு தேயாமல் சுழல்வதற்காகப் பதித்தவை. சாவி வாட்சுக்கு 17 போதும். ஆட்டோமேடிக்கில் கூடுதல் சக்கரங்கள் இருப்பதால் சில கற்கள் அதிகம்.

பின் எதற்குக் கூடுதல் விலை? ஆட்டோமேடிக்கினுள்ளே ஓர் அரைவட்டத் தகடு இருக்கிறது. கை அசைய அசைய அது சுழன்று வில்லை முறுக்கும். மாவு பிசைந்தாலே போதும், வாட்ச் ஓடும். கிழமை, தேதி காட்டும். எங்கள் சீக்கோவின் முட்கள் இருட்டிலும் மினுங்கும். ராத்திரி இரண்டு மணிக்கு அந்த அருமை தெரியும். (செல்போன் இருக்கிறதே என்பீர்கள். அந்த வெளிச்சத்தில் குழந்தை விழித்துக்கொண்டால் அப்புறம் எண்ணின மாதிரிதான்!)

ஆனால் கழற்றி இரண்டு நாள் அலமாரியில் வைத்தால் சீக்கோ நின்றுவிடும். எங்களுடையதற்குச் சாவி கொடுக்கவும் வழியில்லை. கையில் வைத்து ஆட்டித்தான் எழுப்ப வேண்டும். ஜனதாவுக்குத் தினம் காலையில், கையிலிருந்து கழற்றிவிட்டு, குமிழ் இறுகும் வரை சாவி கொடுத்தால் சரி. இறுகின பிறகும் திருகக் கூடாது. குழந்தையைக் குளிப்பாட்டும்போது இரண்டையுமே கழற்றிவிடுங்கள். ரேடியோ ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்காதீர்கள். காந்தம் பட்டால் வேகம் மாறிவிடும்.

இன்னொன்று. எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட 2016-ல் மத்திய அரசு முடிவெடுத்தது. அதன்பின் 'புது ஜனதா' என்று பளபளவென்று வருவதில் பல, பழைய இயந்திரத்துக்கு முகப்பில் மறு பெயின்ட் அடித்தவை. எழுத்து தடித்து, கோணலாக இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் ஊர் ரிப்பேர்க்காரர் திறந்து பார்த்துச் சொன்ன பிறகு பணம் கொடுங்கள்.

எண்ணுகிற முறை இதுதான்: குழந்தை அழாமல், அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, மார்பு ஏறி இறங்குவதை ஒன்று என்று முழுசாக ஒரு நிமிஷம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு 60, ஒரு வயது வரை 50, ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40. இந்த எண்ணையோ அதற்கு மேலோ தொட்டால் அன்றைக்கே டாக்டர். மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் எண்ணிக்கொண்டே உட்கார வேண்டாம், உடனே கிளம்புங்கள்.

எதிர்வீட்டுப் பெண் ரிப்பேர்க்காரரிடம் காட்டி ஒரு பழைய ஜனதாவே வாங்கினாள். மீதிப் பணம் தபால் ஆபீஸில். நேற்று ராத்திரி ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தாள்: "அக்கா, முப்பத்திரண்டுதான்!"