தரைக்கடியில் காற்று எதற்கு?

அமெரிக்காவில் வீடு கட்டும் பிள்ளைகளுக்கு இங்கிருந்தே போனில் யோசனை சொல்லும் பெரியவர்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் ஊர் காற்றோட்டத்தை வட கரோலினாவுக்கு அனுப்பி வைக்காதீர்கள்.

அங்கே பல வீடுகளில் நம்மைப்போல மண் நிரப்பி, திமிசு போட்டு இறுக்கி, மேலே தரை போடுவதில்லை. மரச்சட்டங்களின் மேல் பலகைத் தரை. அதற்கும் மண்ணுக்கும் நடுவே ஆள் தவழ்ந்து போகிற அளவு இடம் விடுவார்கள். கிரால் ஸ்பேஸ் என்று பெயர். அதன் சுற்றுச்சுவரில் வென்டிலேட்டர் வைப்பதா, அடைத்துவிடுவதா என்பதுதான் பிள்ளைகளின் குழப்பம். 150 சதுர அடிக்கு 1 சதுர அடி திறப்பு என்பது பழைய கணக்கு. "காற்று போனால்தானே ஈரம் காயும்?" என்று என்னோடு காலையில் நடக்க வருகிறவர்கள் எல்லோருமே கேட்கிறார்கள்.

காயாது சார். ஐஸ் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளரைப் பாருங்கள். வெளியே முத்து முத்தாக நிற்கிறதே, டம்ளர் ஓட்டையா? ஜூலை மாதத்தில் அந்த ஊர்க் காற்று 32 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம் என்று வையுங்கள். சுமார் 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதில் பட்டாலும் நீர் கோத்துக்கொள்ளும். தரைக்கடியிலோ மண்ணே குளிர்ச்சி. போதாததற்கு ஏசி குழாய்களும் பெரும்பாலும் அங்கேதான் ஓடும். காற்று என்று நினைத்துத் தண்ணீரை உள்ளே விடுகிறோம். சட்டங்களில் பூஞ்சை பிடிக்கும். அந்த வாடை பேரப்பிள்ளைகள் படுக்கும் அறைவரை ஏறும்.

ராலேயில் உள்ள அட்வான்ஸ்டு எனர்ஜி நிறுவனம் பிரின்ஸ்வில் என்ற ஊரில் 12 வீடுகளில் இரண்டு முறைகளையும் வைத்து அளந்து பார்த்தது. அடைத்தவற்றில் ஈரம் குறைவு. வீட்டைக் குளிர வைக்கவும் சூடாக்கவும் ஆன மின்சாரமும் குறைவு.

பில்டர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. மண்மேல் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை விரித்து, வென்டிலேட்டரைத் திறந்தபடியே விட்டுவிட்டு "சீல் பண்ணியாச்சு" என்று பில் நீட்டுகிறவர்களும் உண்டு. அடைப்பதென்றால் முழுதாக அடைக்க வேண்டும். ஷீட்டின் இணைப்புகளை ஒட்டி, சுவர்மேலும் ஏற்றி ஒட்ட வேண்டும். கரையான் ஏறினால் தெரிவதற்குச் சுவரின் உச்சியில் 3 அங்குலம் வெறுமனே விட வேண்டும். உள்ளே கேஸ் ஹீட்டர் இருந்தால், எரிவதற்கான காற்றை அது வெளியிலிருந்து குழாய் வழியாக எடுக்கும் வகையாக இருக்க வேண்டும். இதில் மட்டும் சிக்கனம் பார்க்கவே கூடாது. ஈரத்தை இழுக்கும் டீஹியுமிடிஃபயர் போன்ற ஏற்பாடு ஒன்றும் தேவை. மழைநீர் அஸ்திவாரத்தின் பக்கமே வராமல் இதற்கெல்லாம் முன்பே வாட்டம் கொடுத்துவிட வேண்டும்.

வெள்ளம் வரும் இடமென்றால் தண்ணீர் புகுந்து வெளியேறச் சட்டப்படியே திறப்புகள் விட வேண்டும். அது வேறு கணக்கு. அரிசோனா போன்ற வறண்ட ஊரில் பிள்ளை இருந்தாலும் என்னோடு சண்டைக்கு வர வேண்டாம், வென்டிலேட்டரே வைத்துக்கொள்ளட்டும்.