மண்ணில் மருந்து தேடும் மாணவர்கள்

அறுவைச் சிகிச்சைக்குச் செல்லும் ஒருவர், சில நாள்களில் நலமாக வீடு திரும்பலாம் என்று நம்புகிறார். அந்த நம்பிக்கைக்குக் காரணம் மருத்துவரின் கைத்திறன் மட்டுமன்று. அறுவைக்குப் பின் புண்ணில் கிருமி தொற்றினால், அதை அழிக்க மருந்து இருக்கிறது என்ற உறுதியும் ஒரு காரணம். அன்றாடப் பேச்சில் ஆண்டிபயாட்டிக் என்று நாம் சொல்லும் நுண்ணுயிர்க்கொல்லியே அம்மருந்து. இன்று அந்த உறுதி ஆட்டங்கண்டு வருகிறது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள், 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 1.27 மில்லியன் பேரின் மரணத்திற்கு நேரடிக் காரணமாக இருந்தன. 2022இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வின் கணக்கு இது.

இச்சிக்கலைத் தீர்க்க வேண்டியவர்கள் விஞ்ஞானிகளும் மருந்து நிறுவனங்களும்தான் என்று பலர் எண்ணுகின்றனர். பல்கலைக்கழக மாணவர் முதலில் பாடத்தைப் படிக்கட்டும். ஆய்வைப் பட்டம் பெற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் கருத்து. இக்கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. பாக்டீரியாக்களைப் பற்றிக் கற்கும் மாணவர், முதலாண்டிலேயே விடை தெரியாத ஓர் உண்மையான கேள்வியைக் கையில் எடுக்க வேண்டும். அதனால் அவரும் பயன்பெறுவார். மருத்துவ உலகமும் பயன்பெறும்.

முதலில், மருந்தெதிர்ப்பு எவ்வாறு உருவாகிறது என்பதைப் பார்ப்போம். பாக்டீரியாக்கள் மிக விரைவாகப் பெருகக்கூடியவை. தகுந்த சூழல் அமைந்தால், ஈ.கோலை என்னும் பாக்டீரியா ஏறத்தாழ 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். அவ்வாறு பெருகும்போது அதன் மரபணுக்களில் சிறு சிறு மாற்றங்கள் தற்செயலாக நிகழ்கின்றன. அவற்றுள் ஏதேனும் ஒன்று, மருந்தைத் தாங்கும் ஆற்றலைத் தந்துவிடலாம். மருந்து உடலுக்குள் செல்லும்போது மற்ற பாக்டீரியாக்கள் மடிகின்றன. அந்த ஆற்றலைப் பெற்றது மட்டும் பிழைத்துப் பல்கிப் பெருகுகிறது.

மருந்திலிருந்து தப்பிக்கப் பாக்டீரியாக்களுக்குப் பல வழிகள் உண்டு. சில, மருந்தைச் சிதைக்கும் நொதியைச் சுரக்கின்றன. சில, உள்ளே நுழைந்த மருந்தை வெளியே தள்ளிவிடுகின்றன. இன்னும் சில, மருந்து தாக்கும் பகுதியின் வடிவத்தையே மாற்றிக்கொள்கின்றன. மேலும், இந்த ஆற்றலுக்குரிய மரபணுவை ஒரு பாக்டீரியா தன் இனத்தைச் சேராத மற்றொரு பாக்டீரியாவுக்கும் வழங்கக்கூடும். மருந்துக்கு எதிர்ப்பைப் பெறுவது பாக்டீரியாவே தவிர மனித உடல் அன்று என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் பிளெமிங், 1945ஆம் ஆண்டு தமது நோபல் பரிசு உரையிலேயே இந்த ஆபத்தைக் குறித்து எச்சரித்தார்.

சரி, நாம் பயன்படுத்தும் நுண்ணுயிர்க்கொல்லிகள் எங்கிருந்து கிடைத்தன? அவற்றுள் பல, நம் காலடியில் இருக்கும் மண்ணிலிருந்து கிடைத்தவை. ஒரு கிராம் மண்ணில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவை ஆயிரக்கணக்கான வகைகளைச் சேர்ந்தவை. இடத்திற்காகவும் உணவுக்காகவும் அவற்றிடையே ஓயாத போட்டி நடக்கிறது. அப்போட்டியில், அருகிலுள்ள நுண்ணுயிர்களை அடக்கும் வேதிப்பொருள்களைச் சில பாக்டீரியாக்கள் உருவாக்குகின்றன. அவ்வேதிப்பொருள்களைப் பிரித்தெடுத்து மனிதன் மருந்தாக்கினான். முள்ளை முள்ளால் எடுப்பது என்பது இதுதான்.

இத்தகைய கண்டுபிடிப்புகளில் மாணவர்களுக்கும் பங்குண்டு. 1943ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்னும் 23 வயது மாணவர், முனைவர் பட்டத்திற்காக ஆய்வு செய்துகொண்டிருந்தார். எருவிட்ட வயல் மண்ணிலிருந்த பாக்டீரியா ஒன்று, மற்ற பாக்டீரியாக்களை அடக்குவதை அவர் கண்டறிந்தார். அதிலிருந்து பிறந்ததே ஸ்ட்ரெப்டோமைசின். பெனிசிலினால் தீர்க்க முடியாத காசநோய்க்குப் பலன் தந்த முதல் நுண்ணுயிர்க்கொல்லி அது. ஆயினும், 1952ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருடைய பேராசிரியரான செல்மன் வேக்ஸ்மனுக்கு மட்டுமே வழங்கப்பட்டது. மாணவரின் உழைப்பு எவ்வளவு பெரியதாக இருக்கக்கூடும், அது எவ்வளவு எளிதாக மறக்கப்படக்கூடும் என்னும் இரண்டையும் இந்நிகழ்வு உணர்த்துகிறது.

நமக்கு நெருக்கமான மற்றோர் எடுத்துக்காட்டும் உண்டு. நம் சபா, சரவாக் மாநிலங்கள் அமைந்துள்ள போர்னியோ தீவின் காட்டுப் பகுதியிலிருந்து, 1950களின் தொடக்கத்தில் ஒரு பிடி மண் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. அம்மண்ணில் வாழ்ந்த பாக்டீரியாவிடமிருந்து வேங்கோமைசின் என்னும் மருந்து கிடைத்தது. வேறு மருந்துகள் பலனளிக்காத கடும் தொற்றுகளுக்கு மருத்துவர்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகின்றனர். ஆனால், 1980களின் பிற்பகுதியில் வேங்கோமைசினையும் எதிர்க்கும் பாக்டீரியாக்கள் மருத்துவமனைகளில் தலைகாட்டின.

அப்படியானால், புதிய மருந்துகளை ஏன் தொடர்ந்து தேடவில்லை? தேடினார்கள். 1940 முதல் 1960 வரையிலான காலம் நுண்ணுயிர்க்கொல்லிகளின் பொற்காலம் என்றே போற்றப்படுகிறது. பின்னர், பழைய முறையில் தேடியபோது ஏற்கெனவே அறிந்த வேதிப்பொருள்களே மீண்டும் மீண்டும் கிடைத்தன. அதோடு, நீரிழிவு மருந்தைப் போல நுண்ணுயிர்க்கொல்லியை ஒருவர் ஆண்டுக்கணக்கில் உட்கொள்வதில்லை. ஒரு வாரமோ இரு வாரமோ உட்கொண்டு நிறுத்திவிடுகிறார். புதிதாக வரும் மருந்தையும், எதிர்ப்பு உருவாகாமலிருக்க, மருத்துவர்கள் அரிதாகவே பயன்படுத்துவார்கள். ஆகவே, இலாபம் குறைவு என்று பெரிய மருந்து நிறுவனங்கள் பல இத்துறையைக் கைவிட்டன.

ஆனால், மண் தன் இரகசியங்களை எல்லாம் வெளிப்படுத்திவிடவில்லை. மண்ணிலுள்ள பாக்டீரியாக்களில் மிகப் பெரும்பாலானவை வழக்கமான ஆய்வகத் தட்டில் வளர்வதில்லை. மண்ணின் அமிலத்தன்மை, ஈரம், அதில் வளரும் செடிகள் ஆகியவற்றுக்கேற்பப் பாக்டீரியாக்களும் வேறுபடுகின்றன. தேட வேண்டிய இடங்களோ ஏராளம். தேடும் கைகளோ மிகக் குறைவு. அக்கைகள் பல்கலைக்கழக வகுப்பறைகளில் இருக்கின்றன என்பதே என் வாதம்.

இதை ஏற்கெனவே செய்து காட்டியவர்கள் உள்ளனர். 2012ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், நுண்ணுயிரியல் பேராசிரியரான ஜோ ஹேண்டல்ஸ்மன் புதியதொரு பாடத்தைத் தொடங்கினார். பின்னர், 2018இல் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து ‘டைனி எர்த்’ என்னும் திட்டத்தை அவர் தொடங்கிவைத்தார். இன்று பல நாடுகளின் கல்லூரி மாணவர்கள் இத்திட்டத்தின்வழிப் பயில்கின்றனர்.

இப்பாடத்தில் மாணவர்கள் என்ன செய்கிறார்கள்? தாங்கள் தேர்ந்தெடுத்த இடத்திலிருந்து சிறிதளவு மண்ணை எடுத்து வருகிறார்கள். அதை நீரில் கலந்து, படிப்படியாக நீர்க்கச் செய்து, அகார் நிரப்பிய தட்டில் பரப்புகிறார்கள். நாம் இனிப்பு செய்யப் பயன்படுத்தும் அதே கடற்பாசிப் பொருள்தான் இந்த அகார். அறிவியல் உலகம் அப்பெயரை மலாய் மொழியிலிருந்தே பெற்றுக்கொண்டது. சில நாள்களில் வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு எனப் பல நிறங்களில் பாக்டீரியாத் திட்டுகள் தோன்றுகின்றன. அவற்றைத் தனித்தனியே பிரித்து, வேறொரு பாக்டீரியா பரப்பப்பட்ட தட்டில் வைக்கிறார்கள். ஒரு திட்டைச் சுற்றித் தெளிவான வளையம் தோன்றினால், அது பக்கத்திலுள்ள பாக்டீரியாவை வளரவிடாமல் தடுக்கிறது என்று பொருள். அதன் பிறகு, அந்தப் பாக்டீரியா எந்த வகையைச் சேர்ந்தது என்பதை மரபணுவைக்கொண்டு கண்டறிகிறார்கள். எந்தெந்த மருந்துகளை அது எதிர்க்கிறது என்பதையும் சோதிக்கிறார்கள்.

வழக்கமான ஆய்வக வகுப்புக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. வழக்கமான வகுப்பில் சோதனையின் முடிவு முன்பே தெரியும். முடிவு மாறினால், ‘தவறு செய்துவிட்டோம்’ என்று மாணவர் எண்ணுவார். சில வேளைகளில் சரியான விடையை அப்படியே எழுதியும் விடுவார். இங்கோ, தட்டில் என்ன தோன்றும் என்பது விரிவுரையாளருக்கே தெரியாது. அதனால் மாணவர் கண்ணும் கருத்துமாகக் கவனிக்கிறார். ஐயம் எழுந்தால் மறுபடியும் செய்து பார்க்கிறார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். மருந்தெதிர்ப்பைப் பற்றிப் பத்துப் பக்கங்கள் மனனம் செய்வதைவிட, தாம் எடுத்துவந்த மண்ணிலேயே அதை நேரில் காண்பது ஆழமான பாடம் அல்லவா?

இக்கருத்தை மறுப்போர் மூன்று காரணங்களைக் கூறலாம். முதலாவது, பாதுகாப்பு. இது நியாயமான கவலையே. அதனால்தான், கொடிய நோய்க்கிருமிகளைத் தவிர்த்து, அவற்றின் உறவினமான, தீங்கு குறைந்த பாக்டீரியாக்களைக்கொண்டே மாணவர்கள் சோதனை செய்கின்றனர்.

இரண்டாவது, நேரம். ஆய்வு செய்தால் பாடத்திட்டத்தை முடிக்க முடியாது என்பர். உண்மைதான், சில தலைப்புகளைக் குறைக்க நேரிடும். ஆனால், பாடத்தை முடித்தும் மாணவர் அத்துறையைவிட்டே விலகினால் என்ன பயன்? அமெரிக்கக் கல்லூரிகளில் அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதத் துறைகளை விரும்பிச் சேர்வோரில் 40 விழுக்காட்டுக்கும் குறைவானவர்களே அத்துறைகளில் பட்டம் பெறுகின்றனர் என்று 2012இல் அந்நாட்டு அதிபருக்கு அளிக்கப்பட்ட ஓர் அறிக்கை சுட்டிக்காட்டியது. தொடக்க ஆண்டுகளிலேயே மாணவர்களை ஆய்வில் ஈடுபடுத்த வேண்டும் என்பது அவ்வறிக்கையின் பரிந்துரைகளுள் ஒன்று.

மூன்றாவது, பலன். மாணவர்கள் கண்டெடுக்கும் பொருள்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே அறியப்பட்டவையாகவே இருக்கும். புதிய பொருள் ஒன்று கிடைத்தாலும், அது மருந்தாகப் பல ஆண்டுகள் ஆகும். இதை நான் மறுக்கவில்லை. ஒரு மாணவரின் தட்டில் நாளைக்கே மருந்து பிறந்துவிடும் என்று ஆசை காட்டுவது நேர்மையாகாது. எனினும், ஆயிரம் மாணவர்கள் ஆயிரம் இடங்களில் தேடி, தங்கள் முடிவுகளை ஒன்றுதிரட்டினால், எந்த மண்ணில் என்ன வாழ்கிறது என்னும் அரிய தகவல் களஞ்சியம் உருவாகும். சிறு துளிதானே பெருவெள்ளம்!

மருந்தைத் தேடுவது ஒரு பக்கம் என்றால், இருக்கும் மருந்தைக் காப்பது மறுபக்கம். கனடாவின் யூக்கோன் பகுதியில், 30,000 ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண்ணிலும் மருந்தெதிர்ப்பு மரபணுக்கள் இருந்ததை 2011இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். எதிர்ப்பு என்பது இயற்கையில் என்றும் இருப்பது. நம் கவனக்குறைவுதான் அதைப் பெருக்கியது. சளிக்காய்ச்சல் வைரசால் வருவது. அதற்கு நுண்ணுயிர்க்கொல்லி பயன் தராது. மலேசியச் சட்டப்படி, மருத்துவரின் பரிந்துரை இல்லாமல் இம்மருந்தைக் கடையில் வாங்க முடியாது. இதன் காரணத்தைத் தட்டில் கண்ட மாணவருக்கு எவரும் அறிவுரை கூறத் தேவையில்லை. அவரே வீட்டிலுள்ளோருக்கு எடுத்துச் சொல்வார்.

ஆகவே, நம் பல்கலைக்கழகங்கள் ஆய்வை மூத்தோருக்கும் பாடத்தை இளையோருக்கும் எனப் பங்கு பிரிக்காமல், இரண்டையும் ஒரே மேசையில் வைக்க வேண்டும். நம் நாட்டில் சதுப்புநிலம் உண்டு, மழைக்காடு உண்டு, வயலும் தோட்டமும் உண்டு. அந்த மண்ணில் என்னென்ன பாக்டீரியாக்கள் வாழ்கின்றன என்பதை நம் மாணவர்களே கண்டறியலாம். இன்று இடைநிலைப்பள்ளியில் பயிலும் நீங்கள், இன்னும் சில ஆண்டுகளில் அந்த ஆய்வகங்களுக்குள் நுழையக்கூடும். அப்போது, விடை தெரிந்த கேள்விகளோடு மட்டும் மனநிறைவு அடையாதீர்கள். எவருக்கும் விடை தெரியாத ஒரு கேள்வியையும் கேட்டு வாங்குங்கள்.