கல்லுக்கு டெண்டர், மணலுக்கு யார்?

"கடல் மீனவன் பிரச்சனைபா. நமக்கு அதுல இன்னா கீது?"

அம்பத்தூர்க் கூட்டத்தில் எண்ணூர்க் கடலரிப்பைப் பற்றிப் பேச எழுந்தபோது ஒரு தோழர் இப்படிக் கேட்டார். கைதட்டியவர்களும் உண்டு. அவருக்குத்தான் இந்தப் பதில்.

மெரினாவில் உட்கார்ந்து சுண்டல் தின்றிருப்பீர் தோழரே. அந்த மணலில் பெரும்பங்கு ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் போக வேண்டியது. நம் கரையில் அலை மணலை ஒரு பருவத்தில் வடக்கே தள்ளும், மறு பருவத்தில் தெற்கே தள்ளும். கூட்டிக் கழித்தால் மிச்சம் வடக்கேதான். 1875-இல் வெள்ளைக்காரன் அடிக்கல் நாட்டிய துறைமுகம் அதற்குக் குறுக்கே நின்றது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே குப்பம் குப்பமாகக் கடல் தின்றது.

மணலை மறித்தவன் மணலை எடுத்து வடக்கே போட வேண்டும், அவ்வளவுதான். போடுவது கல். தடுப்புச்சுவர், பிறகு தூண்டில் வளைவு. வளைவுக்குள் கொஞ்சம் மணல் சேரும், உண்மை. வீடு போகிறவன் அதைத்தான் கேட்டுச் சாலையில் உட்காருவான். ஆனால் அரிப்பு அடுத்த குப்பத்துக்கு நகரும், கூடவே அடுத்த டெண்டரும். புதுச்சேரியில் 1980களின் கடைசியில் துறைமுகம் கட்டினார்கள். மணலை வாரி வடக்கே சேர்ப்பதும் திட்டத்தில் இருந்தது, ஒழுங்காகச் செய்யவில்லை. நகரத்துக்குக் கல் போட்டார்கள். கடல் பொம்மையார்பாளையத்துக்குப் போனது.

ஏன் கல்? கல்லுக்கு டன் கணக்கில் பில். மணலில் அமிழ்ந்துபோன கல்லை எந்த ஆடிட்டர் முழுகி எண்ணுவான்? மணல் வாருவதும் டெண்டர்தான், அதிலும் தின்பான். ஆனால் மணல் வந்ததா இல்லையா என்று கரையில் கருவாடு காயவைக்கிற அம்மாவுக்குத் தெரிந்துவிடும். அதுதான் அவனுக்கு ஆகாது.

நான் பேங்க் குமாஸ்தா. டெண்டர் ஆன்லைனுக்குப் போகுமுன், ஒரே ஆள் மூன்று கம்பெனி பேரில், ஒரே வேலைக்கு, ஒரே நாளில் மூன்று டி.டி. எடுத்துப் போனதை என் கவுன்டரில் பார்த்தவன். 1998-லேயே வெளிப்படைத்தன்மைச் சட்டம் வந்தாயிற்று. மூன்று உறையும் வெளிப்படையாகத்தான் பிரிந்திருக்கும்.

இனி, நமக்கு இன்னா கீது என்ற கேள்வி. அந்தக் கல்லை உடைப்பது யார்? என் அப்பா செங்கல்பட்டுப் பக்கம் குவாரியில் முன்பணம் வாங்கிக் கல் உடைத்தவர். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-இல். அவர் கடன் அதற்கப்புறமும் தீரவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக எங்களைக் கூட்டிக்கொண்டு திருமுல்லைவாயல் வந்தார். சேரி உடைத்த கல் குப்பத்தின் தலையில் விழுகிறது. நடுவில் நிற்கிறவன் சேரியிலும் இல்லை, குப்பத்திலும் இல்லை.

2004 சுனாமியில் நாகப்பட்டினம் முகாம்களில் நம் ஆட்களைச் சேர்க்காமல் ஒதுக்கினார்கள் என்பீர்கள். நான் மறக்கவில்லை. அதையும் அவர்கள் முகத்துக்கு நேரே கேட்பேன். கேட்க முதலில் அங்கே போகணுமே.

அடுத்த கூட்டத்தை எண்ணூரில் வைக்கலாம் என்று கார்டு போட்டிருக்கிறேன். தோழரிடமிருந்து இன்னும் பதில் இல்லை.